உட்கார வைக்கும் சொல்

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் எது? வினாடி வினா நடத்துகிறவர்களுக்குப் பிடித்த கேள்வி இது. நெடுங்காலம் இதற்கு ஒரே விடைதான் இருந்தது: ‘செட்’. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்தபோது, அதிலேயே மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான் இருந்தது. வினைச்சொல்லாக மட்டும் 430-க்கு மேற்பட்ட பொருள்கள். பதிவின் நீளம் ஏறக்குறைய 60,000 சொற்கள், அதாவது ஒரு நாவல் அளவு.

பிறகு அந்த இடம் கை மாறியது. மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையை அகராதிக்காரர்கள் ‘எம்’ எழுத்திலிருந்து தொடங்கினார்கள். 2000-இல் ‘மேக்’ முந்தியது, 2007-இல் ‘புட்’. 2011-இல் ‘ரன்’ 645 பொருள்களோடு முதலிடத்துக்கு வந்தது. அந்த ஒரு சொல்லைப் பிரித்து அடுக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு ஒன்பது மாதம் ஆனது. இயந்திரம், ரயில், தொழிற்சாலை, கணினி எல்லாமே ‘ஓடுகிற’ காலமல்லவா இது, அதனால் ‘ரன்’ பெருத்ததில் வியப்பில்லை. ஆனாலும் 430-ஐயும் 645-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை என்பேன். 645 என்பது இந்த நூற்றாண்டின் கணக்கு. செட்டின் 430-இல் பெரும்பகுதி முதல் பதிப்புக் காலத்தில், கையால் எழுதிய சீட்டுகளை மேசையில் பரப்பிப் பிரித்த கணக்கு.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. கதை, கவிதை அல்ல. கையேடுகள், படிவங்கள், செயலிகளின் பொத்தான்கள், பாடநூல் பகுதிகள். வாய் நிறைய ஒலிக்கும் பெரிய ஆங்கிலச் சொற்கள் இந்த வேலையில் தொல்லை தருவதே இல்லை. அவற்றுக்கு ஒரு பொருள், கூடிப்போனால் இரண்டு. கலைச்சொல் அகராதியைத் திறந்தால் விடை கிடைத்துவிடும். மேசையில் என்னைக் கட்டிப்போடுவது இந்தக் குட்டிச் சொற்கள்தான். அவற்றிலும் செட்டைப் போல எனக்குப் பிடித்துப்போன சொல் வேறில்லை. அதைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன்.

முதல் பதிப்பில் இந்தச் சொல் ஹென்றி பிராட்லியின் பொறுப்பில் வந்தது. அவர் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர் அல்ல. ஷெஃபீல்டு நகரில் கத்தி, கரண்டி செய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு கடித எழுத்தராக இருந்தவர். மொழிகளைத் தாமே கற்றுக்கொண்டார். அகராதியின் முதல் பகுதி 1884-இல் வந்தபோது அதற்கு அவர் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டுத்தான் தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே அவரை வேலைக்கு இழுத்துக்கொண்டார். வேலை நடந்த முறை இது: ஆங்கிலம் வாசிக்கும் தன்னார்வலர்கள் தாங்கள் படித்த நூலில் ஒரு சொல் வந்த வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதி, நூலின் பெயரையும் ஆண்டையும் குறித்து அனுப்புவார்கள். பதிப்பாசிரியர் அந்தச் சொல்லுக்கு வந்த சீட்டுகளையெல்லாம் எடுத்து, ஒரே பொருள் தருபவற்றை ஒரு கட்டாகச் சேர்ப்பார். கட்டுகளைக் கால வரிசையில் அடுக்குவார். எந்தப் பொருளிலிருந்து எது கிளைத்தது என்று அப்போது தெரியத் தொடங்கும்.

பொருளைத் தீர்மானிப்பது வாக்கியம். அகராதிக்காரர் அதைக் கண்டு எழுதிக்கொள்கிறார். 430 என்ற எண் பெரிதாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். சொல்லுக்குள் 430 பொருள்கள் அடைந்து கிடக்கவில்லை. ஒரே ஒரு செயல், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, கை பட்ட இடத்திலெல்லாம் பயன்பட்டிருக்கிறது.

அந்தச் செயல் என்ன? உட்கார வைப்பது.

ஆங்கிலத்தில் ‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ அதன் பிறவினை. பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அமர், அமர்த்து. இரு, இருத்து. திருந்து, திருத்து. தானே செய்தால் தன்வினை, இன்னொன்றைச் செய்ய வைத்தால் பிறவினை. ஆங்கிலத்துக்குத் தாயான பழைய ஜெர்மானிய மொழியிலும் இப்படி ஒரு முறை இருந்தது. உள்ளே இருக்கும் உயிரொலி மாறினால் தன்வினை பிறவினையாகும். அந்த முறை ஆங்கிலத்தில் எப்போதோ செத்துவிட்டது, சில இணைகள் மட்டும் தப்பிப் பிழைத்தன. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து; மரம் வெட்டுகிறவர்கள் இன்றும் சொல்வது. ‘லை’ கிட, ‘லே’ கிடத்து. ‘ரைஸ்’ எழு, ‘ரெய்ஸ்’ எழுப்பு. ‘சிட்’ அமர், ‘செட்’ அமர்த்து. இந்த நான்கு இணைகளையும் தமிழ் இணைகளோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், அச்சு அசலாகப் பொருந்தும். ஆங்கிலேயக் குழந்தைகள் ‘லை’க்கும் ‘லே’க்கும் வேறுபாடு தெரியாமல் இன்றும் திட்டு வாங்குகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஒரு நொடியில் விளங்கும். ஆங்கில வகுப்பில் ஏன் இதைச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

அமர்த்து என்பதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பொருள்களில் பெரும்பாலானவை வரிசையாகக் கதவைத் திறக்கின்றன. மோதிரத்தில் கல்லைச் செட் செய்கிறார்கள்: கல்லை அதன் குழியில் அமர்த்துகிறார்கள். பழைய அச்சகத்தில் எழுத்தைச் செட் செய்தார்கள்: ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியில் அமர்த்தினார்கள். நம்மூரில் அது அச்சுக்கோத்தல். முறிந்த எலும்பைச் செட் செய்வது, விலகிய முனைகளை மறுபடி அவற்றின் இடத்தில் இருத்துவது. பாட்டைச் செட் செய்வது, சொற்களை மெட்டில் அமர்த்துவது. தச்சர்கள் ரம்பத்தைச் செட் செய்வதும் உண்டு. பற்களை ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று லேசாக வளைத்து நிறுத்துவார்கள், அறுக்கும்போது ரம்பம் மரத்தில் சிக்காமல் இருப்பதற்காக. கடிகாரம், மேசை, எல்லை, தேதி, விலை எல்லாம் இதே வகைதான்.

தமிழில் இந்த வேலையைச் செய்வது எது என்று தேடினால், ‘அமர்த்து’ அல்ல. அது கொஞ்சம் சட்டை மடிப்புக் கலையாத சொல். தெருவிலும் அடுப்படியிலும் செட்டின் வேலையைச் செய்வது ‘வை’. அலாரம் வை. பொறி வை. கெடு வை. விலை வை. கால் வை. செடி வை. தீ வை. இந்த ஏழுக்கும் ஆங்கிலத்தில் செட் வரும். கல் வைத்த தோடு என்கிறோம், அங்கேயும் செட்தான். வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. கோழியை முட்டைமேல் உட்கார வைப்பதை ஆங்கிலக் கிராமத்தார் ‘கோழியைச் செட் செய்வது’ என்பார்கள். நம் கிராமத்தில் ‘கோழியை அடைக்கு வைப்பது’. இன்னும் ஒரு படி மேலே போகலாம். “அவள் கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது.” இதில் வரும் வை துணைவினை, பொருளைத் தூக்கி வைக்கும் வை அல்ல, இன்னொருவரை ஒன்றைச் செய்யத் தூண்டும் வை. ஆங்கிலத்திலும் ‘அது என்னைச் சிந்திக்கச் செட் செய்தது’ என்ற வழக்கு அப்படியே இருக்கிறது. ஒன்றோடொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள், ஒரு பொருளைக் கீழே வைக்கிற சொல்லை எடுத்து, மனத்தை ஓட்டிவிடுகிற வேலைக்கும் பயன்படுத்தியிருக்கின்றன.

வைக்குச் சில இடங்களில் செட் வராது. குழம்பு வைப்பது, பெயர் வைப்பது, மொய் வைப்பது, சொத்தை அடகு வைப்பது, பாசம் வைப்பது இவையெல்லாம் நம் வாழ்க்கையில் கிளைத்தவை. அதேபோல் கப்பல் பாய் விரித்துப் புறப்படுவதைச் செட் என்று சொல்ல நமக்குத் தோன்றாது. அது அவர்கள் கடலில் கிளைத்தது.

இதுவரை சொன்னது எளிய பாதி. செட் தானாகவும் நிகழும். யாரும் எதையும் வைக்கவில்லை, ஆனாலும் செட் ஆகிறது. சூரியன் செட் ஆகிறது. சிமெண்ட் செட் ஆகிறது. ஜெல்லி செட் ஆகிறது.

சூரியனுக்குப் பழைய ஆங்கிலத்தில் ஓர் அழகான விளக்கம் இருக்கிறது. அப்போது சூரியன் மறைவதற்கு ‘செட்ல்காங்’ என்று பெயர். ‘செட்ல்’ என்றால் இருக்கை. ‘காங்’ என்றால் போவது. பகல் முழுக்க அலைந்த சூரியன் தன் இருக்கைக்குப் போகிறது. தென்மாவட்டத்து ஆட்கள் “பொழுது அடையப் போகுது, சீக்கிரம் கிளம்பு” என்பார்கள். கோழி அடைவதும் பறவை கூட்டில் அடைவதும் எந்தச் சொல்லோ அதே சொல்லைப் பொழுதுக்கும் சொல்கிறோம். எழுத்தில் மட்டும் ஏனோ எல்லோரும் ‘சூரிய அஸ்தமனம்’ என்று போட்டுவிடுகிறோம்.

சிமெண்ட் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கியாக வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் பயிற்சிக்கான ஒரு கையேட்டை மொழிபெயர்த்தபோது ‘இனிஷியல் செட்டிங் டைம்’, ‘ஃபைனல் செட்டிங் டைம்’ என்ற இரண்டு தொடர்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு முதலாவது 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இரண்டாவது 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கலைச்சொல் பட்டியல்களில் ‘கெட்டிப்படுதல்’ என்று கிடைத்தது. அது பொருந்தாது. சிமெண்ட் செட் ஆவது வேறு, கெட்டிப்படுவது வேறு. செட் ஆனதும் அதன் நெகிழ்ச்சி போய்விடும், அவ்வளவுதான். வலு அதற்குப் பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஏறும். அதனால்தான் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இதை அளக்க விகா கருவி என்று ஒன்று உண்டு, பிரெஞ்சுப் பொறியாளர் லூயி விகாவின் பெயரில். 40 மில்லிமீட்டர் ஆழமுள்ள அச்சில் சிமெண்ட் களியை நிரப்பி, மேலிருந்து ஓர் ஊசியை இறக்குவார்கள். ஆரம்பத்தில் ஊசி அடிவரை போகும். நேரம் ஆக ஆக மேலேயே நிற்கும். அடியிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் ஊசி நின்றுவிட்டால் அதுதான் முதல் கட்டம். சிமெண்டில் ஜிப்சம் சேர்க்காவிட்டால் தண்ணீர் பட்ட சற்று நேரத்திலேயே எல்லாம் முடிந்துபோகும். கலவையைச் சட்டியில் அள்ளி மேலே கொண்டுபோவதற்குள் கட்டியாகிவிடும். அந்த அவகாசத்துக்காகவே ஜிப்சம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்ட நாளில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கலவை இயந்திரம் ஒருபுறம் உருள, பெண்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் மட்டம் சரியில்லை என்று இளைஞர் ஒருவர் கரணையோடு போனார். வயதான கொத்தனார் இரண்டு விரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். “விடுப்பா, புடிச்சிருச்சு. இனி கை வைக்காத” என்றார். விகா ஊசி செய்யும் வேலையை அந்த விரல்கள் செய்தன. எனக்கு வேண்டிய தமிழும் கிடைத்துவிட்டது. பிடித்துவிட்டது. பனிக்கட்டி பிடிக்கும், துரு பிடிக்கும், வேர் பிடிக்கும், அடி பிடிக்கும். தானாக நிகழ்ந்து, ஓரிடத்தில் உறுதியாகி, இனி எளிதில் பிரியாத ஒவ்வொன்றுக்கும் பிடி இருக்கிறது. கையேட்டில் ‘பிடிக்கத் தொடங்கும் நேரம்’, ‘பிடித்து முடியும் நேரம்’ என்று எழுதினேன். சரிபார்த்தவர் ‘இறுகல் நேரம்’ என்று மாற்றலாமே என்றார். இறுகல் பிழையில்லை. ஆனால் அந்தக் கையேட்டைக் கையில் எடுக்கப் போகிறவர் அந்த இளைஞரைப் போன்ற ஒருவர். அதனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது நாம் தமிழில் பேசும்போது சொல்லும் செட்டுக்கு வருவோம். பம்புசெட்டு. பேண்டு செட். கம்மல் செட். செட் தோசை. “நாங்க எல்லாம் ஒரே செட்டு.” இவை எதிலும் உட்கார வைப்பது இல்லை. ஏனென்றால் இது வேறு சொல்! லத்தீனில் ‘செக்டா’ என்றால் பின்பற்றுவோர், ஒரு வழியைத் தொடர்ந்து போகிற கூட்டம். சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் அது ‘செட்’ என்று தேய்ந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த, உட்கார வைக்கிற செட்டும் அதே ஒலி. பேசுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியது. ஒன்றாக வைக்கப்பட்டவைதானே கூட்டம் என்ற நினைப்பில் இரண்டும் கலந்துபோயின. நம் வயல்வெளிப் பம்புசெட்டு, பின்பற்றுவோரைக் குறித்த ஒரு லத்தீன் சொல்லின் தூரத்துப் பேரன்.

கணிதத்தில் வரும் செட்டும் இந்தக் கூட்டம்தான். தமிழ்நாட்டுப் பாடநூல் அதைக் ‘கணம்’ என்கிறது, இலங்கைப் பாடநூல் ‘தொடை’ என்கிறது. எனக்குத் தொடையே பிடிக்கும். தொடுக்கப்பட்டது தொடை, பூவைத் தொடுக்கிற நினைவு சொல்லிலேயே இருக்கிறது.

“செட் ஆகல” என்று இப்போது எல்லோரும் சொல்வது இந்தக் கூட்டத்துச் செட் அல்ல, பழைய செட்டிலிருந்து நாமே உண்டாக்கிக்கொண்டது. அவங்க ரெண்டு பேருக்கும் செட் ஆகாது. இந்த வேலை எனக்குச் செட் ஆகல. இந்த ஊர்த் தண்ணி செட் ஆகல. ஆங்கிலேயரிடம் இதை அப்படியே சொன்னால் புரியாது. ஆனால் அவர்கள் தையல்காரர்கள் ஒரு கோட்டு உடம்பில் எப்படி விழுகிறது, தோளில் எப்படி உட்காருகிறது என்பதைக் கோட்டின் ‘செட்’ என்பார்கள். “சட்டை சரியா உக்காரல” என்று நம் தையல்காரர் சொல்வதும் அதுதான். தமிழ் இளைஞர்கள் அந்தப் பொருளைச் சட்டையிலிருந்து எடுத்து மனிதர்களுக்கு, வேலைக்கு, ஊருக்கு விரித்துவிட்டார்கள். பொருத்தம் என்ற சொல் இருக்க இது எதற்கு என்று வருந்துகிறவர்கள் உண்டு. பொருத்தம் முன்கூட்டியே பார்ப்பது, செட் ஆவது பழகிப் பார்த்துத் தெரிவது. கிரிக்கெட்டில் முப்பது பந்து ஆடிய மட்டையாளரைச் “செட் ஆயிட்டான்” என்கிறோமே, அதே பொருள். இந்தப் புதுச் சொல்லை நான் தடுக்க மாட்டேன்.

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல் என்று ஒரு பகுதி உண்டு. வினைவேறுபடும் பலபொருள் ஒருசொல், வினைவேறுபடாப் பலபொருள் ஒருசொல் என்று இரண்டு வகை. மா என்றால் மரமா விலங்கா? மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்’ என்கிறது நூற்பா. அருகில் வரும் வினை, கூட வரும் இனம், சூழல் இவற்றால் பொருள் தெளிவாகும். பிராட்லி சீட்டுகளைப் பிரித்ததும் இதே அடிப்படையில்தான். செட்டில் ஒரு மாற்றம், மாவுக்கு வினை தெளிவு தருகிறது; செட் தானே வினை என்பதால் அதற்குப் பெயர்ச்சொல் தெளிவு தர வேண்டும். கல்லா, கோழியா, சிமெண்டா, சூரியனா?

செயலி மொழிபெயர்ப்பில் கிடைக்காமல் போவது அந்தப் பெயர்ச்சொல்தான். நிறுவனங்கள் பொத்தான்களில் வரும் சொற்களை மட்டும் ஓர் அட்டவணையில் போட்டு அனுப்புகின்றன. ஒரு கட்டத்தில் ‘செட்’ என்று மட்டும் இருக்கும், முன்னும் பின்னும் ஒன்றும் இராது. ‘டி’ ஒலியில் முடியும் ‘புட்’, ‘கட்’, ‘ஹிட்’, ‘ஷட்’ போல இதற்கும் இறந்தகாலத்தில் உருவம் மாறாது. ஆகவே ‘அமை’ என்ற கட்டளையா, ‘அமைக்கப்பட்டது’ என்ற தகவலா, ‘தொகுப்பு’ என்ற பெயரா என்று அந்தக் கட்டத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தமிழ்ப் பதிப்பாக வந்த ஒரு கடிகாரச் செயலியில், அலாரம் நேரத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அழுத்த வேண்டிய பொத்தானில் ‘கணம்’ என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அலாரத்துக்கு ‘வை’ என்று போட்டிருந்தால் எந்தப் பாட்டிக்கும் புரிந்திருக்கும். கணம் என்று எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தத் திரையை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட அட்டவணை வந்தால் இப்போதெல்லாம் திரையின் படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். அண்மையில் வந்தது ஓர் உடற்பயிற்சிச் செயலி. படத்தில் தண்டால் எடுக்கும் ஒருவரின் உருவம், கீழே செட் 1, செட் 2, செட் 3. ‘சுற்று’ என்று போடலாம் என்பது முதல் யோசனை. ஆனால் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். ‘தொகுதி’ என்றால் தேர்தல் நினைவு வரும். ‘முறை’ என்றால் ஒரு தண்டாலா, பன்னிரண்டு தண்டாலா என்று குழம்பும். ஜிம்முக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டேன். “மூணு செட்டுண்ணா, செட்டுக்குப் பன்னெண்டு. நடுவுல ஒரு நிமிஷம் ரெஸ்ட்” என்றான். செட் என்றே விட்டேன்.